போ என்றொரு கட்டளை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் கிளம்ப முடியாது. அம்மா விடமாட்டார். "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று திருத்தி, நான் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டைத் திறப்பார். செங்குன்றம் சாலையில் ஏறி, அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி, ரயில் பாதைக்கு மறுபக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் அங்கேயும் ஒரு காலத்தில் எனக்கு அதே சொல்தான் தடை. நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். சி மொழியில் 'கோ-டூ' என்றொரு கட்டளை உண்டு. "இந்த வரியை விட்டு அந்த வரிக்குப் போ" என்பதுதான் அதன் முழுப் பொருள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் கோடிங் ஸ்டாண்டர்டில் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: கோ-டூ பயன்படுத்தக் கூடாது. ஏன் கூடாது என்று எழுதியிருக்கவில்லை.

அந்த வாக்கியம் ஐரோப்பாவில் கிளம்பி அம்பத்தூர் வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கிளம்பும்போது தன் காரணத்தையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் கிளம்பியது. வந்து சேர்ந்தபோது காரணம் உடன் இல்லை. எந்த ஊரில், எந்தக் கையில் அது தொலைந்தது என்று தேடிப் போன கதை இது.

பிறப்பு

கோ-டூவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கணினி பிறந்தபோதே அதுவும் உடன் பிறந்தது. கணினியின் நினைவகத்தில் கட்டளைகள் எண் போட்ட வீடுகள் போல வரிசையாக இருக்கும். இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைப் படித்துக்கொண்டே போகும். வரிசையை விட்டு விலக வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி, "இன்ன எண்ணுக்குப் போ" என்று சொல்வது. இன்றைக்கும் அப்படித்தான். நாம் 'இஃப்' என்றும் 'வைல்' என்றும் எவ்வளவு அழகாக எழுதினாலும், கம்பைலர் அத்தனையையும் தாவல்களாக மாற்றித்தான் சிப்புக்குக் கொடுக்கிறது. அவற்றைச் சிப் புரிந்துகொள்வது "போ" என்றும், "இப்படியிருந்தால் மட்டும் போ" என்றும்தான்.

1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதில் வேலை செய்த டேவிட் வீலர் ஒரு முக்கியமான காரியம் செய்தார். அடிக்கடி தேவைப்படும் கணக்கைத் தனித் துண்டாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அங்கே போய் வேலையை முடித்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற முறை அது. எங்கிருந்து கிளம்பினோம் என்பதைக் குறித்துக்கொண்டு போவதுதான் அதன் சூட்சுமம். 'வீலர் ஜம்ப்' என்று அதற்குப் பெயர். இன்று நாம் ஃபங்ஷன் கால் என்று சொல்வதன் மூதாதை. என் அம்மாவின் மொழியில் சொன்னால், வெறும் "போ" மட்டுமே தெரிந்திருந்த இயந்திரத்துக்கு வீலர் "போயிட்டு வா" என்பதைக் கற்றுக்கொடுத்தார். பின்னால் வந்த மொத்தச் சண்டையும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் நடந்ததுதான்.

1957-ல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. முதல் ஃபோர்ட்ரானில் 'எல்ஸ்' கிடையாது. ஓர் 'இஃப்' எழுதினால் அதற்குப் பக்கத்தில் மூன்று எண்கள் எழுத வேண்டும். விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் முதல் எண்ணுக்குப் போ, பூஜ்யமே என்றால் இரண்டாவதுக்கு, மேலே என்றால் மூன்றாவதுக்கு. நிரலைத் துளையிடும் 80 பத்தி அட்டையில் முதல் 5 பத்திகள் வரியின் எண்ணுக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தன. கோ-டூ இல்லாமல் அன்று ஒரு பக்கம் கூட எழுத முடியாது.

இந்தியா வந்த வழி

1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. ஃபோர்ட்ரானும் அதனோடு வந்தது. அங்கே பாடம் நடத்தியவர்களில் ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன் முக்கியமானவர். 1969-ல் வெளிவந்த அவருடைய கணினிப் பாடநூல் பல தலைமுறை இந்திய மாணவர்களுக்கு முதல் வாசலாக இருந்தது. 1973-ல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370 வந்து சேர்ந்தது. அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, அச்சான தாள் வரும் வரை காத்திருந்த காலம். அந்தத் தலைமுறைக்கு கோ-டூ அன்றாடப் புழக்கத்தில் இருந்த ஒரு சாதாரணச் சொல்.

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அவற்றில் பேசிக் மொழி. 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் மாணவர்களுக்காகவே உருவான மொழி அது. ஒவ்வொரு வரிக்கும் 10, 20, 30 என்று எண் போட்டு எழுதுவார்கள். 10-ஆம் வரியில் தன் பெயரை அச்சிடச் சொல்லி, 20-ஆம் வரியில் 'கோ-டூ 10' என்று போட்டுவிட்டு, திரை முழுக்கத் தன் பெயர் ஓடுவதைப் பார்த்துப் பரவசப்படாத பிள்ளை அந்தக் காலத்தில் உண்டா? பலருக்குக் கணினி மேல் ஆசை வந்ததே அந்த வரியால்தான்.

குற்றப்பத்திரிகை

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கு தொடங்கிவிட்டது. 1966-ல் இத்தாலியர்களான போம், ஜகோபினி இருவரும் ஒரு கணித உண்மையை நிறுவினார்கள். வரிசை, கிளை, சுழற்சி என்ற மூன்று மட்டும் இருந்தால் எந்தக் கணக்கையும் எழுதிவிடலாம், தாவல் தேவையில்லை. ஆனால் அப்படி மாற்றி எழுதும்போது சில சமயம் கூடுதலாகச் சில 'ஆம்-இல்லை' குறிப்புகளை, அதாவது ஃபிளாகுகளை, நடுவில் நுழைக்க வேண்டிவரும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள்.

1968 மார்ச்சில் அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏசிஎம்மின் மாத இதழில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் வைத்த தலைப்பு 'கோ-டூ கூற்றுக்கு எதிரான ஒரு வாதம்' என்ற அளவில் அடக்கமானது. சீக்கிரம் அச்சேற்றுவதற்காக ஆசிரியர் நிக்லாஸ் விர்த் கட்டுரையைக் கடிதமாக மாற்றி, 'கோ-டூ தீங்கானது' என்று பொருள்படும் தலைப்பையும் சூட்டினார். அந்தத் தலைப்பு உலகம் சுற்றியது. கடிதத்தைப் படித்தவர்களைவிடத் தலைப்பை மட்டும் கேட்டவர்களே அதிகம்.

கடிதத்தின் உள்ளே இருந்தது என்ன? டைக்ஸ்ட்ராவின் வாதம் மனிதனின் மனதைப் பற்றியது. காகிதத்தில் அசையாமல் கிடக்கும் எழுத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது நமக்கு எளிது. காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மனதில் பிடிப்பது கடினம். எனவே எழுதியிருக்கிற வரிசையும் ஓடுகிற வரிசையும் முடிந்தவரை ஒன்றாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, "நீ இப்போது எங்கே இருக்கிறாய், இங்கே எப்படி வந்தாய்?" என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். சுழற்சியில் இருந்தால், இத்தனையாவது சுற்று என்று சொல்லலாம். ஃபங்ஷனுக்குள் இருந்தால், இன்ன இடத்திலிருந்து அழைக்கப்பட்டேன், வேலை முடிந்ததும் அங்கே திரும்புவேன் என்று சொல்லலாம். எங்கிருந்து வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் தாவலாம் என்று விட்டுவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாமல் போகும். அவர் பார்த்துப் பயந்தது இதைத்தான். திரும்பி வருவேன் என்ற சொல் இல்லாமல் கிளம்பிப் போன நூற்றுக்கணக்கான "போ"க்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஃபோர்ட்ரான் நிரல்களை அவர் காலத்தவர் தினமும் பிரிக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. இன்று படித்தாலும் எனக்கு மறுக்க எதுவும் தோன்றவில்லை.

விசாரணை

எதிர்த்தரப்பின் வாதமும் பதிவாகியிருக்கிறது. 1974 டிசம்பரில் டொனால்ட் நூத் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஏறக்குறைய 40 பக்கம். கோ-டூ இல்லாமல் தெளிவாகும் நிரல்களையும், கோ-டூ இருந்தால்தான் தெளிவாகும் நிரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அருகருகே வைத்துக் காட்டினார். அந்தக் கட்டுரையிலேயே டைக்ஸ்ட்ரா அவருக்கு எழுதிய ஒரு குறிப்பும் இருக்கிறது. என்னை இந்த விஷயத்தில் பிடிவாதக்காரனாக நினைத்துவிட வேண்டாம், மற்றவர்கள் இதை ஒரு மதமாக ஆக்குவதைப் பார்த்து வருந்துகிறேன் என்று அதில் சொல்லியிருந்தார். குற்றம் சாட்டியவரே தீர்ப்பின் கடுமையைக் கண்டு கவலைப்பட்டிருக்கிறார்.

தலைப்பு சூட்டிய விர்த் 1970-ல் உருவாக்கிய பாஸ்கல் மொழியில் கோ-டூ இருந்தது. நூத் 1982-ல் அந்தப் பாஸ்கலை அடிப்படையாகக் கொண்டு மாற்றி எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோ-டூக்கள் ஏராளம். 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை', 'முடிந்தது', 'வெளியே' என்பது போலப் பொருள்படும் சில நிலையான பெயர்களுக்கே அவை பெரும்பாலும் போகும். பிரையன் கெர்னிகனும், சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியும் 1978-ல் எழுதிய நூலில், கோ-டூ பெரும்பாலும் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சுழற்சிகளிலிருந்து ஒரே அடியாக வெளியே வருவதற்கு அது உதவும் என்று உதாரணத்தோடு காட்டினார்கள்.

அந்தத் துறையில் ஆழம் கண்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். அலையவிடாதே. எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்கட்டும்.

காரணம் உதிர்ந்த இடம்

1968 மார்ச்சில் கடிதம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மும்பையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தொடங்கியது. நம்முடைய மென்பொருள் தொழில் பிறந்தபோது வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. தொழில் வளர்ந்து ஆளாகி, சென்னையில் தெருவுக்குத் தெரு கோபால் என்ற கணினி மொழிக்கு வகுப்புகள் நடந்த 1990-களில் தீர்ப்பு மட்டும் நம் கைக்கு வந்தது. வாதங்களை நாம் கேட்கவே இல்லை.

கோபால் நிரல்களைப் பராமரித்தவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கோ-டூ போடலாம், ஆனால் அதே பகுதியின் கடைசியில் இருக்கும் வெளியேறும் பத்திக்கு மட்டும்தான் போகலாம் என்று பல இடங்களில் விதி வைத்திருந்தார்கள். அந்த விதிக்குள் காரணம் உயிரோடு இருந்தது. கீழ்நோக்கிப் போ, ஒரே வாசல் வழியாகப் போ.

கல்லூரியில் அந்தத் தீர்ப்பு இரண்டு மார்க் கேள்வியாகச் சுருங்கியது. "கோ-டூ ஏன் தவிர்க்கப்பட வேண்டும்?" என்று கேட்டால், நிரலின் கட்டமைப்பைக் கெடுக்கும் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கலாம். பிறகு அது வேலைக்கான நேர்முகத்தில் கேள்வியானது. பிறகு கம்பெனி ஆவணத்தில் ஒரு வரியானது. கடைசியில், நிரலைச் சோதிக்கும் கருவி காட்டும் சிவப்புக் கோடாக ஆனது. கடிதம், பத்தி, இரண்டு மார்க், ஒரு வரி, ஒரு சிவப்புக் கோடு. ஒவ்வொரு படியிலும் விதி அப்படியே இருந்தது, காரணம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

எங்கள் பக்கத்துக்கு அது வந்த வழி வாகனத் தொழில். பாடியும் அம்பத்தூரும் வாகன உதிரிபாகங்களின் ஊர். சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்த ஊரில், வண்டிக்குள் மென்பொருள் நுழைந்ததும் அதற்கான விதிகளும் நுழைந்தன. பிரிட்டனின் வாகனத் தொழில் அமைப்பான மிஸ்ரா, சி மொழிக்கான விதித்தொகுப்பை 1998-ல் வெளியிட்டது. மொத்தம் 127 விதிகள். 56-ஆவது விதி கோ-டூவை அறவே தடை செய்தது. 2004-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் தடை தொடர்ந்தது. கூடவே, ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு வெளியேறும் இடம்தான் இருக்க வேண்டும், அதுவும் கடைசியில், என்ற விதியும் இருந்தது. பிரேக் பிடிக்கும் மென்பொருளுக்கு இந்தக் கண்டிப்பு தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை.

எஸ்டேட்டில் ஓர் இரவு

நான் வேலை பார்த்த இடத்தில் அந்த விதித்தொகுப்பை மொத்தமாக எடுத்து, வண்டிக்குள் போகாத மென்பொருளுக்கும் போட்டிருந்தார்கள். நாங்கள் எழுதியது ஒரு டெஸ்ட் பெஞ்சுக்கான ரெக்கார்டர். உதிரிபாகத்தை பெஞ்சில் மாட்டி ஓட்டும்போது வரும் அளவுகளை வாங்கிக் கார்டில் பதிவு செய்யும் சின்ன லினக்ஸ் பெட்டி. ஒவ்வொரு முறையும் அது நான்கு காரியங்களை வரிசையாகச் செய்ய வேண்டும். போர்ட்டைத் திறக்க வேண்டும். வேறு யாரும் நடுவில் புகாதபடி பூட்டை எடுக்க வேண்டும். அளவுகளைத் தேக்க ஒரு பஃபர் வாங்க வேண்டும். ஃபைலைத் திறக்க வேண்டும். நான்கில் எது வேண்டுமானாலும் தோற்கலாம். தோற்றால், அதுவரை எடுத்ததையெல்லாம் எடுத்த வரிசைக்கு நேர்மாறாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும்.

நான் முதலில் எழுதியது, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது:

போர்ட்டைத் திற. முடியாவிட்டால் 'வெளியே'வுக்குப் போ.
பூட்டை எடு. முடியாவிட்டால் 'போர்ட்டை மூடு'வுக்குப் போ.
பஃபர் வாங்கு. முடியாவிட்டால் 'பூட்டை விடு'வுக்குப் போ.
ஃபைலைத் திற. முடியாவிட்டால் 'பஃபரைக் கொடு'வுக்குப் போ.
பதிவு செய். ஃபைலை மூடு.
பஃபரைக் கொடு.
பூட்டை விடு.
போர்ட்டை மூடு.
வெளியே.

மேலிருந்து கீழே ஒரு மூச்சில் படிக்கலாம். ஒரு "போ" கூட மேல்நோக்கிப் போகவில்லை. எந்தப் படியில் தவறினாலும், கீழே சரியான படியில் போய் நின்று, அங்கிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வெளியே வந்துவிடும். ஊருக்குக் கிளம்பும்போது மோட்டாரை நிறுத்தி, கேஸை மூடி, பின்கதவைப் பூட்டி, கடைசியில் வாசலுக்கு வருகிறோமே, அதே ஒழுங்கு.

ரிவ்யூவில் நான்கு சிவப்புக் கோடுகள். "சார், இதைப் படிச்சுப் பாருங்க, தெளிவாத்தானே இருக்கு?" என்றேன். "தெளிவா இருக்கு தம்பி. ஆனா டூல் பாஸ் ஆகணும்ல" என்றார் லீட். அவர் நல்ல மனிதர், நல்ல இன்ஜினியரும்கூட. அவர் கையிலும் விதி மட்டும்தான் இருந்தது. விதிவிலக்கு கேட்க எங்கே எழுத வேண்டும் என்று அந்த ஆவணத்தில் இடமே இல்லை.

மாற்றி எழுதினேன். 'இஃப்'புக்குள் 'இஃப்'பாக நான்கு அடுக்கு. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று நினைவு வைத்துக்கொள்ள ஃபிளாகுகள். வரிகள் இரண்டு மடங்கு. டூல் பாஸ் ஆனது. சில மாதம் கழித்து இன்னொருவர் அதில் ஒரு படி சேர்த்தபோது, ஏற்கெனவே இருந்த ஒரு ஃபிளாகையே தன் வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டார். அதுவும் டூலில் பாஸ் ஆனது.

ஒரு நைட் ஷிப்டில் கார்டு நிறைந்துவிட்டது. ஃபைல் திறக்கவில்லை. அந்த ஃபிளாக் 'இல்லை' என்று மாறியது. பூட்டை விட வேண்டிய வரி அதே ஃபிளாகைப் பார்த்து, பூட்டே கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போனது. பூட்டு பூட்டியபடியே நின்றது. அடுத்த பதிவுக்கு வந்த வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. விடிய விடிய பெஞ்ச் ஓடியது, ஓர் அளவும் பதிவாகவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது ஷிப்ட் ஆபரேட்டர், "நைட் பூரா பச்சை லைட்டுதான் சார் எரிஞ்சுது" என்றார். ஓர் இரவின் சோதனை மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதிய ஒன்பது வரியில் அந்தத் தவறு நுழைய இடமே இருந்திருக்காது.

மீண்டு வந்த வழி

அதன் பிறகுதான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் போய்ப் பார்த்தது எங்கள் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் கெர்னலை. அதன் கோடிங் ஸ்டைல் ஆவணத்தில், ஒரு ஃபங்ஷனிலிருந்து பல இடங்களில் வெளியேற வேண்டி, மூடிவிட்டுப் போகும் வேலையும் பொதுவாக இருந்தால் கோ-டூ பயன்படுத்துங்கள் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அடுக்கு குறையும், திருத்தும்போது ஒரு வெளியேறும் இடத்தை விட்டுவிடும் தவறு நேராது என்று காரணங்களையும் எழுதியிருக்கிறார்கள். கெர்னலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோ-டூக்கள் உண்டு. பாதுகாப்பான சி நிரலுக்கு விதி எழுதும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் தொகுப்பும், எடுத்த வளங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற கோ-டூ சங்கிலியைப் பரிந்துரைக்கிறது.

மிஸ்ராவும் அதே இடத்தில் நிற்கவில்லை. 2013-ல் வெளிவந்த 'மிஸ்ரா சி 2012' பதிப்பில், கோ-டூ கூடாது என்பது கட்டாயத்திலிருந்து அறிவுரையாக இறங்கியது. அதற்குப் பதில் இரண்டு கட்டாய விதிகள் வந்தன. கோ-டூ அதே ஃபங்ஷனில் கீழே இருக்கும் இடத்துக்கு மட்டுமே போகலாம். தான் இருக்கும் பிளாக்குக்குள்ளோ, அதாவது வரித்தொகுதிக்குள்ளோ, அதைச் சூழ்ந்திருக்கும் பிளாக்குக்கோ மட்டுமே போகலாம், வேறொரு பிளாக்குக்குள் புகக்கூடாது. முழுத் தடை போட்டால் ஃபிளாகுகள் பெருகும், அந்த ஃபிளாகுகள் கோ-டூவைவிடக் குழப்பமாக இருக்கக்கூடும் என்று விளக்கமும் தந்திருந்தார்கள். அதைப் படித்தபோது அந்த பெஞ்ச் கண்முன் வந்தது. விதியை எழுதியவர்கள் திருத்திக்கொண்டுவிட்டார்கள். எங்கள் ஆவணம் பழைய பதிப்பிலேயே நின்றிருந்தது. காரணம் எழுதியிருந்தால், காரணம் மாறியதை யாராவது கவனித்திருப்பார்கள்.

2015-ல் மெய்யப்பன் நாகப்பனும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, இதைக் கருத்தாக விவாதிக்காமல் எண்ணிப் பார்த்தார்கள். 11,000-க்கும் மேற்பட்ட திட்டங்களிலிருந்து ஏறக்குறைய 2,50,000 சி ஃபைல்கள். அவற்றிலிருந்து 384 ஃபைல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சுமார் 80 சதவீதத்தில் கோ-டூ பிழையைக் கையாளவும், சுமார் 40 சதவீதத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து மூடவும் பயன்பட்டிருந்தது. டைக்ஸ்ட்ரா பயந்த அலைச்சல் அங்கே அரிதாகவே இருந்தது. நடைமுறையில் அது தீங்காகத் தெரியவில்லை என்று முடித்தார்கள். டைக்ஸ்ட்ராவின் கடிதம் தோற்றதாக நான் இதைப் படிக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு தலைமுறை உள்வாங்கியதால்தான் மிஞ்சிய கோ-டூக்கள் ஒழுங்காக இருக்கின்றன.

எதிர் உதாரணமாக எல்லோரும் சொல்வது 2014 பிப்ரவரியில் ஆப்பிள் சாதனங்களில் வெளிப்பட்ட 'கோ-டூ ஃபெயில்' ஓட்டையை. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் 'கோ-டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. முதலாவது 'இஃப்'புக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. கடைசிச் சரிபார்ப்பு நடக்காமலே, எல்லாம் சரி என்று முடிவு வந்தது. தவறு பெரியது, உண்மை. ஆனால் அங்கே கோ-டூவுக்குப் பதில் 'ரிட்டர்ன்' இரண்டு முறை இருந்திருந்தாலும் அதே ஓட்டைதான். 'இஃப்'புக்கு அடைப்புக்குறி போட்டிருந்தால், எட்டவே முடியாத வரிகள் இருக்கின்றன என்று கம்பைலர் எச்சரித்திருந்தால், தப்பித்திருக்கும். பெயரைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்தால் உண்மைக் காரணம் தப்பிவிடும்.

தடையையும் நன்றாக எழுத முடியும். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் பாதுகாப்பு இன்றியமையாத நிரல்களுக்காகப் பத்து விதிகள் வகுத்தார். முதல் விதியே கோ-டூவைத் தடை செய்கிறது. ஆனால் பத்து விதிகளுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறார். எது இந்த விதிக்குள் வராது என்றும் சொல்லியிருக்கிறார். ஃபங்ஷனுக்கு ஒரே வெளியேறும் இடம் இருந்தாக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை என்பதையும் அங்கேயே தெளிவாக்கியிருக்கிறார். அந்தத் தடையை நான் மனமார ஏற்றுக்கொள்வேன். அதோடு வாதாட முடியும், அதிலிருந்து கற்கவும் முடியும்.

இந்தப் பயணம் இன்னும் முடியவில்லை. 2023 முதல் லினக்ஸ் கெர்னலில், பிளாக்கை விட்டு வெளியே வந்தவுடன் எடுத்ததைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். அது பரவினால் மூடிக்கொண்டு வெளியேறும் வேலைக்கும் ஒருநாள் கோ-டூ தேவைப்படாமல் போகலாம். போகட்டும். அதைவிட நல்லது வந்த பிறகு ஒரு கருவி ஓய்வு பெறுவது இயல்பு. மாற்று எதுவும் கொடுக்காமல் கருவியைப் பிடுங்குவதுதான் அநியாயம்.

வாசலில்

இப்போது நான் இருக்கும் இடத்தில் கோடிங் ஸ்டாண்டர்டை எழுதும் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறோம். ஒன்று 'காரணம்'. இன்னொன்று 'எப்போது விலகலாம், யாரிடம் சொல்ல வேண்டும்'. முதல் கட்டத்தை நிரப்ப முடியாத விதியை ஆவணத்தில் சேர்ப்பதில்லை. பழைய ஆவணத்திலிருந்து எடுத்த பல விதிகளுக்குக் காரணத்தைத் தேடி எழுதினோம். சிலவற்றுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை, அவற்றை விட்டுவிட்டோம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஆவடியிலிருந்து வருபவர், "அண்ணா, இதுல கோ-டூ போடலாமா?" என்று தயங்கிக் கேட்டார். கல்லூரியில் இரண்டு மார்க் வாங்கிய தயக்கம் அது. "கீழ போகுதா, மேல போகுதாம்மா? அங்க போய் என்ன செய்யுது?" என்று கேட்டேன். திரையைப் பார்த்தார். "கீழதான்ணா போகுது. மூடிட்டு வெளிய வருது." பதில் அவரிடமே இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், ஏன் "போறேன்" என்று சொல்லக் கூடாது என்று. "போறேன்னா திரும்பி வரமாட்டேன்னு அர்த்தம்டா. வரேன்னு சொன்னாத்தானே வீட்ல இருக்கறவ நிம்மதியா இருப்பா" என்றார். காரணம் ஒரே வரியில் வந்துவிட்டது. பிறகு, நான் கேட்காமலே, "ஆனா சாவு வீட்ல மட்டும் போயிட்டு வரேன்னு சொல்லிடாதே. அங்க சொல்லாமதான் கிளம்பணும்" என்றார். அந்த வீட்டுக்கு அதே காரியமாக மறுபடி வருவதாகச் சொல்லலாமா? காரணம் தெரிந்தவருக்கு விதிவிலக்கை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது அவர் திருத்துவதற்கு முன்பே, "போயிட்டு வரேன்மா" என்றேன்.